கையில் ஒரு தொழில்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு தையல் இயந்திரம் நாட்டு மக்களைச் சினங்கொள்ளச் செய்தது. 2012 டிசம்பர் 16 இரவு, தில்லியில் ஓடும் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்டு, அவரது உயிரையே பறித்த கொடுமையை எவரும் மறந்திரார். அக்குற்றத்தில் பங்கு கொண்டவர்களுள் ஒருவனுக்கு 18 வயது நிரம்பச் சில மாதங்கள் எஞ்சியிருந்தன. ஆகவே அவனைச் சிறார் சட்டத்தின்படியே விசாரித்து, அச்சட்டம் அனுமதித்த மிகுதியான காலமாகிய மூன்றாண்டுகளுக்குச் சிறப்பு இல்லத்தில் வைத்தனர். அவன் வெளியேறும் நாள் நெருங்கியபோது, 10,000 ரூபாயும் ஒரு தையல் இயந்திரமும் கொடுத்து, தையற்கடை வைத்துப் பிழைக்க அவனுக்கு உதவத் தில்லி அரசு எண்ணியிருப்பதாகச் செய்தி வெளிவந்தது. நாடெங்கும் எழுந்த கொதிப்பு அடங்குவதற்குள், அவன் விடுதலையான இரண்டாம் நாளே, மாநிலங்களவை புதிய சிறார் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. கொடுங்குற்றம் புரிந்ததாகக் கூறப்படும் 16 வயதுக்கு மேற்பட்ட சிறாரை, உரிய ஆய்வுக்குப் பின், வயது வந்தோரைப் போல விசாரிக்க அச்சட்டம் வழி செய்தது.

அப்பெண்ணின் பெற்றோர் தெருவில் நின்று அழுதனர். பெற்ற வயிறு எரியும்போது அதன்முன் சட்டப் பிரிவுகளை எடுத்துரைப்பது மனிதத் தன்மையாகாது. அவர்கள் மன்னிக்க வேண்டும் என்று அறிவுரை பகர்வதும் நம் வேலை அன்று. பிறர் பட்ட காயத்தை நாம் மன்னிப்பது மிகவும் எளிது. அதற்கு மன்னிப்பு என்ற பெயரும் பொருந்தாது. ஆயினும் அக்குடும்பத்தாரின் சினம் வேறு, செய்தித்தாளைப் படித்துவிட்டுத் தேநீர்க் கடையிலும் அலுவலகத்திலும் நாம் கொண்ட சினம் வேறு. நம் சினத்தின் அடியில் ஒரு கணக்கு இருந்தது. ஒழுங்காய் வளர்ந்த ஏழைப் பெண்கள் எத்தனையோ பேர் ஒரு தையல் இயந்திரத்திற்காக மனுக் கொடுத்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க, குற்றம் புரிந்தவனுக்கு அரசே வாங்கிக் கொடுப்பதா? இக்கணக்கை இழிவானது என்று தள்ளிவிட முடியாது. நேர்மையாய் வாழ்பவர் கேட்கும் கேள்வி இது. நம் பங்குகளில் சிறைப்பணி செய்வோர், கூர்நோக்கு இல்லத்துச் சிறுவர்களுக்கு ஒரு வெல்டிங் இயந்திரம் வாங்க நன்கொடை கேட்டு வரும்போதும் இதே கேள்வி வேறு குரலில் எழுவதுண்டு.

காணாமற்போன மகனின் உவமையில் வரும் மூத்தவன் கேட்டதும் இதைத்தான். இத்தனை ஆண்டு உழைத்த தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லையே என்பது அவன் முறையீடு. தந்தை அவன் கணக்கைத் தவறு என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தம்முடையதெல்லாம் அவனுடையதே என்று நினைவூட்டினார். அதே மூச்சில் இளையவனுக்கு விருந்தையும் நிறுத்தவில்லை. ஏழைப் பெண்ணின் மனு கிடப்பில் கிடப்பது ஓர் அநீதி. இல்லத்துச் சிறுவனைத் தொழிலின்றி வெளியே அனுப்பினால் அந்த அநீதி தீர்ந்துவிடாது. இரண்டாவது ஒன்று அதனோடு சேரும். ஒருவர்க்குக் கொடுத்ததால்தான் மற்றவர்க்கு இல்லாமற் போயிற்று என்று காட்டுவது, இருவர்க்கும் கொடாதவர்களுக்கு மிகவும் வசதியான வாதம்.

எனினும் மூத்த மகனுக்கு விடை சொன்ன அளவில் நம் பொறுப்பு முடிந்துவிடவில்லை. சட்டத்துடன் முரண்பட்ட சிறாருக்கு ஏன் தொழில் கற்றுத்தருகிறோம் என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அச்சத்திலிருந்து பிறப்பது. தொழிலற்றவன் மீண்டும் திருடுவான். கையில் தொழில் இருந்தால் நம் வீடுகள் பாதுகாப்பாக இருக்கும். இதில் உண்மை உண்டு. ஆனால் இது ஒன்றே காரணமானால், நாளை ஒருவர் வந்து, பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் தவறு செய்கிறார்கள் என்று நிறுவிக் காட்டினால் என் செய்வோம்? பட்டறையைப் பூட்டிவிடுவோமா? நம் சொந்தப் பிள்ளையைத் தொழிற்கல்விக்கு அனுப்பும்போது, அவன் திருடாமலிருப்பதற்காக அனுப்புவதாக எந்தத் தந்தையும் எண்ணுவதில்லை. அவன் ஒரு மனிதனாக நிற்பதற்காக அனுப்புகிறோம். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் வெளியிட்ட மனித உழைப்பு பற்றிய சுற்றுமடலில் வலியுறுத்திய கருத்து இங்குப் பொருந்தும். உழைப்பின் மதிப்பு, செய்து முடிக்கப்பட்ட பொருளில் தொடங்குவதில்லை. செய்பவர் ஒரு மனிதர் என்பதில் தொடங்குகிறது. அப்படியானால் உழைக்கக் கற்றல் ஒரு சிறுவனுக்கு நாம் இடும் பிச்சை ஆகாது. நம் பாதுகாப்புக்கு நாம் செலுத்தும் கட்டணமும் ஆகாது. அவன் மனிதனாக இருப்பதாலேயே அவனுக்கு உரியது. அவன் செய்த குற்றத்தால் அவன் இழக்கத் தக்கவை பல உண்டு; நடமாடும் உரிமையை இழக்கலாம்; குறிப்பிட்ட காலம் வீட்டாரைப் பிரிந்திருக்கலாம். இந்த ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை.

இக்கருத்து ஏட்டளவில் எளிது. பட்டறையில் எப்படி நின்றது, எப்படி நிற்காமற் போயிற்று என்பதற்கு வரலாற்றில் இரு தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1850-இல் இயற்றப்பட்ட பழகுநர் சட்டம். நம் நாட்டில் குற்றம் புரிந்த சிறுவரைத் தனியே கருதிய முதற் சட்டங்களுள் இதுவும் ஒன்று. 10 வயதுக்கு மேற்பட்டு 18 வயதுக்கு உட்பட்ட ஏழைப் பிள்ளைகளையும், பெற்றோரால் கைவிடப்பட்டோரையும், சிறு குற்றங்களுக்காகவோ ஊர்சுற்றித் திரிந்ததற்காகவோ தண்டனை பெற்றோரையும், நடுவர் ஒருவர் காப்பாளர் நிலையில் நின்று, தொழில் கற்க ஒரு முதலாளியிடம் 7 ஆண்டு வரை ஒப்படைக்கலாம் என்று அது கூறியது. அநாதையும், ஏழையும், திருடிய சிறுவனும் ஒரே வாக்கியத்தில் அடைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத் தக்கது. யாருக்கு உதவுகிறோம் என்பதைவிட, யாரைத் தெருவிலிருந்து அகற்றுகிறோம் என்பதே அவ்வாக்கியத்தின் அடியோட்டம் எனத் தோன்றுகிறது. ஆனாலும் சிறைக்கு அனுப்பாமல் தொழிலுக்கு அனுப்ப வேண்டும் என்று அக்காலத்தில் எண்ணியதே ஒரு முன்னேற்றம் என்பதையும் மறுக்க முடியாது.

இரண்டாவது தாள் இத்தாலியின் தூரின் நகரில் 1852 பிப்ரவரியில் கையெழுத்தானது. புனித தொன் போஸ்கோ குருவான 1841-ஆம் ஆண்டிலிருந்தே, தம் ஆன்ம வழிகாட்டியான அருள்தந்தை யோசேப்பு கஃபாசோவுடன் அந்நகரச் சிறைகளுக்குச் சென்று வந்தவர். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான திடகாத்திரமான சிறுவர்கள் அங்கே சோம்பிக் கிடப்பதைக் கண்டு அவர் நடுங்கினார். அவரை இன்னும் ஆழமாகத் தைத்தது வேறொன்று. நல்லபடி வாழ்வேன் என்று உறுதி பூண்டு வெளியேறிய பலர், சில நாள்களுக்குள் அதே வாயில் வழியே திரும்பி வந்தனர். வெளியே அவர்களுக்கென்று ஒருவரும் இல்லாததே அதற்குக் காரணம் என்பதை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். சிறைக்குள் நிகழும் மனமாற்றத்தை அவர் ஐயுறவில்லை. வாயிலுக்கு வெளியே நிகழ்வதையே நோயென்று கண்டார்.

ஆகவே அவர் வேலைத்தலங்களுக்குச் சென்று, தச்சர்களையும் கொத்தர்களையும் தேடிப் பேசி, தம் சிறுவர்களுக்கு இடம் கேட்டார். வாய்மொழியை நம்பி விட்டுவிடவில்லை. மேலே சொன்ன 1852-ஆம் ஆண்டுத் தாள், ஒரு தச்சுத் தொழில் தலைவருக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையில் முத்திரைத்தாளில் எழுதப்பட்ட ஒப்பந்தம். தொன் போஸ்கோ அதில் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டார். சிறுவன் உண்மையாகவும் கீழ்ப்படிதலோடும் உழைக்க வேண்டும் என்பது அதில் உண்டு. தலைவர் மேல் சுமத்தப்பட்ட கடமைகளோ அதனினும் நுணுக்கமானவை. தச்சுத் தொழிலையே கற்றுத்தர வேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேலைகளை வாங்கக் கூடாது. தவறு செய்தால் சொல்லால் திருத்தலாம். கை நீட்டக் கூடாது. ஞாயிறும் திருநாள்களும் சிறுவனுக்கு உரியவை. ஊதியம் படிப்படியாக உயர வேண்டும். அக்காலத்தில் பழகுநன் என்றால் முதலாளி வீட்டு எடுபிடி என்றே பொருள். தண்ணீர் சுமப்பதும் குழந்தையைத் தூக்குவதும் அடிபடுவதும் பயிற்சியின் பகுதிகள். அந்நிலையில் இந்த வரிகளைத் தச்சர் ஒருவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது எளிய காரியம் அன்று. அடுத்த ஆண்டு முதல் தொன் போஸ்கோ தம் இல்லத்திலேயே காலணி, தையல், புத்தகக் கட்டுமானம், தச்சு, அச்சு எனப் பட்டறைகளை ஒவ்வொன்றாய்த் தொடங்கினார். அவருடைய சலேசிய சபையினர் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தபின் நம் நாட்டில் எழுந்த தொழிற்பள்ளிகளை நம் வாசகர்கள் அறிவர்.

1850-இன் சட்டம் சிறுவனை ஒப்படைத்தது. 1852-இன் தாள் சிறுவனுக்காகப் பேரம் பேசியது. முன்னதில் கேள்வி கேட்கப்பட்டவன் சிறுவன். பின்னதில் முதலாளியும் கேள்வி கேட்கப்பட்டார்.

தொழில் கற்பிப்பதையே ஒரு பெருங்கருணையாக எண்ணி மகிழும் நமக்குத் தமிழகத்தின் அண்மை வரலாறு ஓர் எச்சரிக்கை விடுக்கிறது. 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலிலும் ஈடுபட வேண்டும் என்றிருந்தது. அதைக் குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் பெயரிட்டு எதிர்த்தனர். அடுத்த ஆண்டே காமராசர் அரசு அதைக் கைவிட்டது. தொழில் இழிவானது என்பதற்காக மக்கள் அதை எதிர்க்கவில்லை. தொழில் ஒரு கூரையாக மாற்றப்படுகிறது, இதற்கு மேல் நீ உயர வேண்டாம் என்று நம் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லப்படுகிறது என்று அவர்கள் உணர்ந்தனர். அவ்வுணர்வு கூர்நோக்கு இல்லத்தின் பயிற்சிக் கூடத்திலும் நமக்கு வேண்டும். ஏழைவீட்டுச் சிறுவன் ஒருவன் திருட்டு வழக்கில் வந்தவுடன் அவனுக்குரியது சுத்தியலே என்று யார் முடிவு செய்தது? கணக்கில் நாட்டமுள்ளவன், வரையத் தெரிந்தவன், பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் இருக்கக் கூடாதா? செல்வர் வீட்டுப் பிள்ளை இதே குற்றத்தைச் செய்திருந்தால் அவனுக்கு மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொடுத்திருப்போமா என்று கேட்டுப் பார்த்தால் பல திட்டங்களின் முகம் தெளிவாகத் தெரியும். (அப்பிள்ளை பெரும்பாலும் இல்லத்திற்கே வந்திருக்க மாட்டான் என்பது வேறு கதை.)

மெழுகுவர்த்தி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இல்லங்களில் பயிற்சி என்ற பெயரில் அடிக்கடி காணப்படுபவை மெழுகுவர்த்தி, காகிதப் பை, ஊதுவத்தி, சிறு தையல். இவற்றைக் கற்றுத்தருவோர் நல்ல மனத்தோடுதான் கற்றுத்தருகிறார்கள். ஆனால் இவற்றைக் கொண்டு நகரத்தில் ஓர் இளைஞன் வாடகை கொடுத்து வாழ முடியாது. அதற்குப் பழியைக் கற்பிப்போர் மீது மட்டும் போடுவதும் நியாயமன்று. கூர்நோக்கு இல்லம் என்பது விசாரணை முடியும் வரை சிறுவரை வைக்கும் இடம். விசாரணை நான்கு மாதத்திற்குள் முடிய வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டுச் சட்டம்; தேவையானால் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். பிணையில் செல்வோர் அதற்கும் முன்னரே சென்றுவிடுவர். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பயிற்சி ஓராண்டு. பிட்டர், எலெக்ட்ரீஷியன் இரண்டாண்டு. பிட்டர் பயிற்சியில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஆறாம் வகுப்போடு நின்றவன், அதுவும் சில வாரம் மட்டும் உள்ளே இருப்பவன், எதைக் கற்பான்? அளவெடுக்கத் தெரியாத சிறுவனிடம் அளவுகோலைக் கொடுப்பதற்கு முன் பின்னக் கணக்கைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனவே குறுகிய காலம் தங்குவோர்க்கு உள்ளே செய்யத்தக்க சிறந்த தொழிற்பயிற்சி, பல வேளைகளில், எழுத்தும் எண்ணும், எந்தத் தொழிலில் கை படிகிறது என்று பார்க்க வாய்ப்பும், வெளியே ஒரு பட்டறையின் முகவரியுமே ஆகும். முழுத் தொழிலையும் கற்பிக்கக் காலம் கிடைப்பது, குழுமத்தின் ஆணைப்படி மூன்றாண்டு வரை வைக்கப்படும் சிறப்பு இல்லத்தில்தான்.

செங்கல்பட்டில் அத்தகைய இல்லம் நெடுங்காலமாய் உண்டு. 1880-களில் சீர்திருத்தப் பள்ளியாகத் தொடங்கியது அது. பின்னர் இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் 1920-இல் சிறுவர் சட்டம் இயற்றியது. இவ்வளவு பழமையான மரபுடைய மாநிலத்தில், அதே செங்கல்பட்டின் அரசு கூர்நோக்கு இல்லத்தில், 2022 டிசம்பர் 31 அன்று 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அவனை அடித்துக் கொன்றதாக இல்லத்தின் பணியாளர்களே கைது செய்யப்பட்டனர். அதன்பின் இல்லங்களின் நிலையை ஆராய முன்னாள் நீதிபதி கே. சந்துருவைக் கொண்ட ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. பயிற்சியைப் பற்றிய கட்டுரையில் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். உளியும் இழைப்புளியும் கொடுத்து மரத்தின் நார் ஓடும் திசையை அறியக் கற்றுத்தரும் கைக்கும், அடிக்கும் கைக்கும் இடையில் ஒரு சிறுவன் வேறுபாடு காண வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அவன் கற்பது இரண்டாவதையே. தூரின் ஒப்பந்தத்தில், கை நீட்டக் கூடாது என்ற வரி ஊதியத்தைப் பற்றிய வரிக்குச் சமமாக இடம் பெற்றதன் பொருளை இங்கு உணரலாம்.

இனி வாயிலுக்கு வருவோம். தொன் போஸ்கோ நோயைக் கண்ட இடம் அது.

மூன்றாண்டு இல்லத்தில் இருந்து, வெல்டிங் நன்கு கற்று, 18 வயதில் ஒருவன் வெளியேறுகிறான் என்று கொள்வோம். அவன் பையில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. அதன் தலைப்பில் இல்லத்தின் பெயர் அச்சாகியிருந்தால், அது அவன் கற்ற தொழிலுக்கும் சான்று, அவன் செய்த குற்றத்திற்கும் சான்று. பொதுவான தொழிற்பயிற்சி நிலையத்தின் பெயரில் தேர்வெழுதிப் பெற்ற சான்றிதழாக இருந்தால் ஒன்றுக்கு மட்டும் சான்று. ஒரு தாளின் தலைப்பில் இவ்வளவு இருக்கிறது. சட்டமோ இதில் தெளிவாகவே பேசுகிறது. வயது வந்தோரைப் போல விசாரிக்கப்பட்ட சிலரைத் தவிர, மற்ற சிறாருக்கு அவர்களது குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் நேரக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் உரிய வேளையில் ஆவணங்களும் அழிக்கப்பட வேண்டும். சிறுவன் இன்னான் என்று அடையாளம் காட்டும் செய்தியை எவரும் வெளியிடக் கூடாது. புதிய தொடக்கம் என்பதை அச்சட்டம் தன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் பட்டறை உரிமையாளர் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆள் எடுப்பதில்லை. "மூன்று வருஷம் எங்கேப்பா இருந்தே?" என்று கேட்கிறார். இந்த ஒற்றைக் கேள்வியில்தான் அறநெறிச் சிக்கல் முழுவதும் முடிச்சிட்டுக் கிடக்கிறது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அவன் அஞ்சுகிறான். பொய் சொன்னால், புதுவாழ்வின் முதற் சொல்லே பொய்யாகிறது. என்றேனும் தெரியவரும் என்ற அச்சத்தோடு ஒவ்வொரு நாளும் முகக்கவசத்தை இறக்கிப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. நம் பையன்களுக்கு நாம் கற்றுத்தராத பாடம், பொய்க்கும் மௌனத்துக்கும் இடையிலுள்ள வெளி. கேட்பவர் அனைவருக்கும் தன் பழைய குற்றத்தைச் சொல்லும் கடமை எந்த மனிதருக்கும் இல்லை. "வெல்டிங் படித்துக்கொண்டிருந்தேன் ஐயா" என்பது முழு உண்மை. சொல்லாமல் விட்டது பொய்யாகாது. அதைச் சொல்லும் துணிவையும் அவனுக்குப் பயிற்சியின் பகுதியாகவே கொடுத்தனுப்ப வேண்டும்.

உரிமையாளருக்கு அறிந்துகொள்ளும் உரிமை இல்லையா? தன் வீட்டை ஒட்டியே பட்டறை வைத்திருப்பவர், பெண் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர், கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வங்கிக்குச் செல்பவர் கேட்பதில் தவறென்ன? கேட்பதில் தவறில்லை. அவருக்கு நேரக்கூடிய இடையூறு உண்மையாகவே இருக்குமானால், அதை எடைபோட்டு, அந்த வேலை இந்தப் பையனுக்கு ஏற்றதன்று என்று முன்னரே விலக்குவது அனுப்பி வைக்கும் நன்னடத்தை அலுவலரின் பொறுப்பு. ஆனால் இடர் இருப்பதாக ஏதும் அறியாமல், வெறும் ஆர்வத்தால் தோண்டுவது வேறு. தோண்டியதைப் பரப்புவது அதனினும் வேறு. பொய்யாகப் பழி சுமத்துதல் பாவம் என்பது எல்லாருக்கும் தெரியும். பிறருடைய உண்மையான குற்றத்தையே, தக்க காரணமின்றி, அறியாதவர்களிடம் வெளிப்படுத்துவதும் அவரது நற்பெயருக்கு எதிரான பாவம் என்பது திருச்சபையின் மறைக்கல்வி. நம்மில் பலர் இதை நினைவில் வைத்திருப்பதில்லை. "அந்தப் பையன் இஸ்கூல்லே இருந்து வந்தவன்" என்று கோவில் வாசலில் மெல்லச் சொல்லப்படும் ஐந்து சொற்கள் மூன்றாண்டுப் பயிற்சியை ஒரே மாலையில் அழித்துவிடும். அவற்றைச் சொன்னவர் உண்மையைத்தானே சொன்னேன் என்று நிம்மதியாக உறங்கவும் கூடும்.

திராட்சைத் தோட்ட உவமையில், மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றவர்களிடம், ஏன் நாளெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று உரிமையாளர் கேட்கிறார். தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பது அவர்கள் விடை. அவ்விடையை அவர் ஆராயவில்லை. உங்கள் மேல் என்ன குறை கண்டார்கள், அதனால்தானே மற்றவர்கள் அமர்த்தவில்லை என்று துருவவில்லை. தோட்டத்திற்கு அனுப்பினார். நாம் இவ்வுவமையைப் பெரும்பாலும் கடைசியில் கொடுக்கப்பட்ட தெனாரியத்தைக் கொண்டே சிந்திக்கிறோம். கூலியில் நிகழ்ந்த தாராளத்திற்கு முன், வேலை கொடுப்பதிலேயே ஒரு தாராளம் நிகழ்ந்துவிட்டது.

தூய பவுல் எபேசியருக்கு எழுதும்போது திருடனைப் பற்றிப் பேசுகிறார். திருடியவர் இனித் திருடாமல் தம் கைகளால் பாடுபட்டு உழைக்கட்டும் என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் நம் அச்சத்திற்கு அதுவே போதும். அவர் மேலும் செல்கிறார்: அப்படி உழைப்பது, தேவையில் உழல்வோர்க்குக் கொடுக்க அவரிடம் ஏதேனும் இருக்கும்படியாக. எடுத்த கை கொடுக்கும் கையாக வேண்டும் என்பது அவர் குறிக்கும் எல்லை. நம் பயிற்சித் திட்டங்களில் இவ்வளவு தொலைவு நோக்கியவை மிகச் சில. பிழைத்துக்கொண்டால் போதும் என்று ஒரு சிறுவனைப் பற்றி எண்ணுவது அவனைக் குறைத்து எண்ணுவதேயாகும். தன் வீட்டில் தங்கையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டும் நிலைக்கு, பின்னொரு நாள் இன்னொரு பையனுக்குப் பற்றவைக்கக் கற்றுத்தரும் நிலைக்கு அவன் வருவான் என்று நம்பித் திட்டமிட்டால், மெழுகுவர்த்தியோடு நாம் நிறைவடைய மாட்டோம்.

தில்லிக் குற்றவாளிக்கும் இது பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும் என்றே கருதுகிறேன், எழுதும்போது கை தயங்கினாலும். அவன் வெளியே வருவான் என்று சட்டம் முடிவு செய்தபின், எஞ்சியிருந்தது அவன் எதைச் செய்து உண்பான் என்ற கேள்வி மட்டுமே. அந்த இயந்திரத்தைப் பரிசாகக் கண்டதால்தான் நமக்கு வலித்தது. ஒருவன் தன் உணவுக்குத் தானே உழைக்க வேண்டும் என்ற கட்டளையின் கருவியாக அதைக் கண்டிருந்தால் வலி சற்று வேறுவிதமாய் இருந்திருக்கலாம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசும் சமுதாயமும் பட்டுள்ள கடன் இதனால் ஓர் அணுவும் குறைவதில்லை. அது தனிக் கணக்கு, அதைத் தீர்ப்பதிலும் நாம் பின்தங்கியே இருக்கிறோம்.

நம் சட்டத்தில் ஒரு சிறு சொல் இருக்கிறது. 18 வயது முடிந்து இல்லத்திலிருந்து வெளியேறுபவர் சமுதாயத்தோடு மீண்டும் இணைவதற்குப் பொருளுதவி "வழங்கலாம்" என்கிறது. "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. இந்த "லாம்" என்னும் ஈற்றுக்குள் எத்தனையோ இளைஞர்கள் தொலைந்து போகிறார்கள். உதவி 21 வயது வரையும், சில வேளைகளில் அதற்கு மேல் இரண்டாண்டும் தொடரலாம் என்று விதிகள் கூறினாலும், கேட்பாரின்றிக் கிடைப்பதில்லை. பயிற்சி பெற்ற தச்சனுக்கு உளி வாங்கக் காசிருக்காது. வெல்டருக்குத் தங்க இடமிருக்காது. பழைய கூட்டாளிகள் மட்டும் வாயிலில் தவறாமல் வந்து நிற்பார்கள்.

நம் பொதுநிலையினரில் பட்டறை வைத்திருப்போர் பலர். லேத் கடை, மரக்கடை, அச்சகம், வாகனப் பழுதுபார்க்கும் நிலையம், உணவகம் நடத்துவோர் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. ஆண்டுக்கொருமுறை இல்லத்துச் சிறுவர்களுக்குப் புத்தாடையும் கேக்கும் கொண்டு செல்லும் நம் அன்பியங்களில் இவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒன்று இயங்குகிறது. அங்கே சென்று, என் பட்டறையில் ஒருவனுக்கு இடம் இருக்கிறது என்று சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. சொல்லும்போது, தொடக்க ஊதியம் எவ்வளவு, எப்போது எவ்வளவு உயரும், ஞாயிறு விடுமுறை உண்டா, இரவில் எங்கே தங்குவான், தவறினால் யார் பேசித் திருத்துவார் என்று ஒரு தாளில் எழுதி, கீழே கையொப்பமிட்டு எடுத்துச் செல்வது நல்லது. பையன் கையொப்பமிட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு வைக்கலாம். அவன் படித்துப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டபின் இடட்டும்.